குடலின் வேலியும் அதன் பொட்டுகளும்

"பிள்ளை சாப்பிடுகிறான்தான், ஆனால் உடம்பில் பிடிக்குதில்லை" என்று தாய்மார் சொல்வதை இடம்பெயர்ந்த மக்கள் வாழ்ந்த இடங்களிலெல்லாம் கேட்கலாம். நிறை பார்க்கும் நாளில் பிள்ளையின் நிறைக்கோடு மேலே ஏறாமல் நின்றால், "சாப்பாடு ஒழுங்காகக் கொடுப்பதில்லையோ?" என்ற கேள்வி தாயை நோக்கித்தான் வரும். பல வேளைகளில் அந்தக் கேள்வி நியாயமற்றது. சோறு பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது. வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போகும் வழியில்தான் தடை இருக்கிறது. அந்தத் தடை எப்படி உண்டாகிறது, அதைக் குறைக்க ஒரு குடும்பத்தால் என்ன செய்ய முடியும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

நெடுங்கேணிப் பகுதி மக்களுக்கு இடப்பெயர்வு ஒரு தடவையோடு முடிந்ததல்ல. 1980களின் நடுப்பகுதியில் பல கிராமங்கள் வெறுமையாயின. 1997 மே மாதத்தில் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது மீண்டும் ஊர் பெயர்ந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதுமே பெயர்ந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை அங்கே காத்திருந்த குடும்பங்களும் உண்டு. மரத்தடி, பாடசாலைக் கட்டடம், தறப்பாள் கொட்டில் என்று இடம் மாறினாலும் சில விடயங்கள் மாறவில்லை. பலருக்குப் பொதுவான ஒரு கிணறு, வரிசையில் நின்று பெறும் தண்ணீர், பல குடும்பங்கள் பாவிக்கும் ஒரு மலசலகூடம், மழை பெய்தால் சேறாகும் முற்றம். இவை எல்லாம் மனிதக் குடலின் உட்புறத்தில் தம் அடையாளத்தை விடுகின்றன. மீளக் குடியமர்ந்த பின்னும் குடிநீரும் மலசலகூடமும் சீராகும் வரை அந்த அடையாளம் மறைவதில்லை.

ஒற்றை வரிசை வேலி

வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் உணவுக் குழாயை ஊருக்குள்ளால் போகும் தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போவது இன்னமும் வளவுக்குள் வரவில்லை. அவ்வாறே குடலுக்குள் இருக்கும் உணவும் இன்னமும் உடம்புக்குள் வரவில்லை. தெருவுக்கும் வளவுக்கும் இடையே இருக்கும் வேலிதான் குடலின் உட்படை.

அந்த வேலியின் அமைப்பு வியப்புக்குரியது. நமது தோல் பல அடுக்குகளைக் கொண்டது. சிறுகுடலின் உட்படையோ ஒரே ஓர் அடுக்குக் கலங்களால் ஆனது. ஒரு மில்லிமீற்றரை நாற்பது பங்காக்கினால் வரும் ஒரு பங்களவுதான் அதன் தடிப்பு. விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் இலட்சக்கணக்கான சடைமுளைகளின் மேல் இந்த மெல்லிய படை போர்த்தப்பட்டுள்ளது. வளர்ந்த ஒருவரின் குடல் உட்படையை விரித்தால் ஏறத்தாழ 30 சதுர மீற்றர், அதாவது ஒரு சிறு வீட்டின் நிலப்பரப்பு வரும் என்று இப்போது கணிக்கிறார்கள். இந்தக் கலங்கள் நீண்டகாலம் வாழ்வதுமில்லை. நாலைந்து நாட்களுக்குள் பழையவை உதிர, அடியிலிருந்து புதியவை ஏறி வருகின்றன. வாரத்துக்கு ஒரு முறை எல்லாக் கதியாலையும் மாற்றிப் புதிதாய் நடும் வேலி என்று இதைச் சொல்லலாம்.

தெருவில் எல்லாம் போகும். வளவுக்கு வேண்டிய நெல் மூட்டையும் போகும், கட்டாக்காலி மாடும் போகும். சோற்றிலிருந்து வரும் சீனிச்சத்தும், பருப்பிலிருந்து வரும் புரதச்சத்தும், உப்பும், நீரும் உள்ளே வரவேண்டும். அதே குடலில் இருக்கும் கோடானுகோடிக் கிருமிகளும் அவற்றின் நச்சுப்பொருட்களும் உள்ளே வரக்கூடாது. ஒற்றை வரிசை வேலி இவ்விரண்டையும் எப்படிச் செய்கிறது?

கதியாலைக் கட்டும் கட்டு

கதியால்களை அருகருகே நட்டால் மட்டும் வேலியாகாது. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டவேண்டும். கலங்களைச் சேர்த்துக் கட்டும் கட்டுகளைக் கலச்சந்திகள் என்பர்.

முன்னாளில் கலங்களுக்கு இடையே சீமெந்து போன்ற ஒரு பசை இருப்பதாகத்தான் எண்ணியிருந்தார்கள். 1963 இல் அமெரிக்காவில் மரிலின் பார்குவர், ஜோர்ஜ் பலாட் ஆகிய இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்தபோது பசைக்குப் பதிலாக ஒழுங்கான மூன்று வகைக் கட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கக் கண்டார்கள். தெருப்பக்கமாக, எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது இறுக்கச் சந்தி. இது ஒரு கலத்தின் கழுத்தைச் சுற்றிப் பட்டிபோல ஓடி, அயற்கலத்தின் பட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் கீழே இருக்கும் மற்ற இரண்டும் நங்கூரச் சந்திகள். குடல் சுருங்கி விரியும்போது கலங்கள் பிய்ந்து போகாமல் பிடித்திருப்பது அவற்றின் வேலை. எது ஊடே போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிப்பது இறுக்கச் சந்தியே.

இறுக்கச் சந்தி எதனால் ஆனது என்பது தெரிய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. யப்பானில் ஷொய்ச்சிரோ சுக்கிட்டாவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1993 இல் ஒக்குளூடின் என்ற புரதத்தையும், 1998 இல் கிளோடின் என்ற புரத வகையையும் கண்டுபிடித்தார்கள். கிளோடின் என்ற பெயர் 'மூடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட கிளோடின்கள் அறியப்பட்டுள்ளன. சில இடைவெளியை மூடுகின்றன. வேறு சில, பெயருக்கு மாறாக, மிக நுண்ணிய துவாரங்களை வேண்டுமென்றே அமைக்கின்றன.

படலையும் பொட்டும்

ஆகவே வேலியைக் கடக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, கலத்தின் ஊடாகச் செல்வது. இது படலைக்கு ஒப்பானது. படலையில் ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடுகிறார்கள். சீனிச்சத்து, புரதச்சத்து, விற்றமின்கள் முதலியன பெரும்பாலும் இவ்வழியே வருகின்றன.

இரண்டாவது, இரு கலங்களுக்கு இடையே இருக்கும் இறுக்கச் சந்தியின் ஊடாகச் செல்வது. இதை வேலிப் பொட்டு எனலாம். நல்ல நிலையில் இருக்கும் குடலில் இந்தப் பொட்டு அளவானது. துவாரம் அமைக்கும் கிளோடின்கள் உப்பின் சோடியத்தையும் நீரையும் மட்டும் போகவிடும். அவற்றிலும் பெரியவை மிகச் சிறிய அளவிலேயே கசியும்.

பொட்டின் அளவு மாறக்கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கலத்தின் கழுத்தைச் சுற்றியும், உட்புறமாக, தசைநாரை ஒத்த மெல்லிய இழைகளால் ஆன ஒரு வளையம் இருக்கிறது. இறுக்கச் சந்தியின் புரதங்கள் அந்த வளையத்தோடு தொடுக்கப்பட்டுள்ளன. சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல அந்த வளையம் சுருங்கும்போது, பக்கத்துக் கலத்தோடு உள்ள பிடி தளர்கிறது, இடைவெளி கூடுகிறது. வளையம் தளர்ந்தால் இடைவெளி மீண்டும் குறைகிறது. உடம்பே தன் தேவைக்கேற்ப இதைச் செய்கிறது. நோய்க்கிருமிகளும் இதே கயிற்றைப் பிடித்து இழுக்கக் கற்றிருக்கின்றன.

அப்படியானால் பொட்டே இல்லாமல் அடைத்துவிட்டால் நல்லதல்லவா என்று கேட்கலாம். அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. சோடியத்துக்கு வழிவிடும் இரண்டு கிளோடின்களும் இல்லாத எலிக்குஞ்சுகளை யப்பானிய ஆய்வாளர் வளர்த்துப் பார்த்து, முடிவுகளை 2013 இல் வெளியிட்டார்கள். அந்தக் குஞ்சுகள் தாய்ப்பால் குடித்தும் போசாக்கின்றி இறந்தன. காரணம் இதுதான்: சீனிச்சத்தைப் படலையால் உள்ளே கொண்டுவர, குடலின் தெருப்பக்கத்தில் சோடியம் இருக்கவேண்டும். அந்தச் சோடியத்தின் ஒரு பகுதி உடம்பிலிருந்து பொட்டு வழியாகவே திரும்பத் தெருவுக்கு வருகிறது. பொட்டு அடைபட்டால் படலையும் திறவாது. எனவே பொட்டு வேண்டும். அது அளவோடு இருக்கவும் வேண்டும்.

ஜீவனி வேலை செய்யும் விதம்

ஒரு நாளில் எட்டு ஒன்பது லீற்றர் நீர் சிறுகுடலுக்குள் வருகிறது. நாம் குடிப்பது அதில் இரண்டு லீற்றர் அளவே. மீதி உமிழ்நீர், பித்தம் முதலாக உடம்பு தானே ஊற்றுவது. கிட்டத்தட்ட அவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மலத்தோடு வெளியேறுவது ஒரு தேநீர்க் கோப்பையளவுதான். இந்த வரவு செலவு பிழைத்தால் சில மணித்தியாலங்களில் உயிருக்கு ஆபத்து வரும்.

வாந்திபேதிக் கிருமியின் நச்சு கலத்தினுள் உள்ள உப்பைத் தெருப்பக்கம் கொட்ட வைக்கிறது. சோடியமும் நீரும் பொட்டுகளின் வழியாக அதைப் பின்தொடர்ந்து ஓடுகின்றன. வான் பாயும் குளம்போல உடம்பின் நீர் போய்விடுகிறது. ஆனால் அந்த நேரத்திலும் சீனியையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே கொண்டுவரும் படலை கெடுவதில்லை. அந்தப் படலை இருப்பதை 1960 இல் றொபேட் கிரேன் என்ற அறிஞர் எடுத்துக் கூறியிருந்தார். சீனியும் சோடியமும் சேர்ந்து உள்ளே வந்தால் நீரும் கூடவே வரும்.

அந்த அறிவின் பயனைப் பெருமளவில் உலகுக்குக் காட்டிய இடம் ஓர் அகதி முகாம். 1971 இல் பங்களாதேசப் போரில் இடம்பெயர்ந்த மக்கள் மேற்கு வங்காளத்தின் பொங்கான் பகுதியில் வந்து குவிந்தபோது வாந்திபேதி பரவியது. நாளம் வழியாக ஏற்றும் சேலைன் தீர்ந்து போயிற்று. டொக்டர் திலீப் மகாலனோபிசும் அவருடன் நின்றவர்களும் சீனியும் உப்பும் கலந்த நீரைப் பெரிய கொள்கலங்களில் வைத்து, நோயாளரின் உறவினரைக் கொண்டே பருக்கினார்கள். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நாலுக்கும் குறைவாகியது. வைத்தியரோ தாதியோ அருகில் இல்லாதபோதும் தாயால் செய்யக்கூடிய சிகிச்சை இது என்பது அங்கே தெளிவாயிற்று. நமது வைத்தியசாலைகளில் தரும் ஜீவனிப் பொதி அந்த வழியில் வந்ததே.

அளவு ஏன் முக்கியம் என்பதும் இதிலிருந்து விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2002 இலிருந்து பரிந்துரைக்கும் கலவையில் சீனிச்சத்தும் சோடியமும் எண்ணிக்கையில் சமம். ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும், வேறிரண்டு உப்புகளும் சேர்கின்றன. சீனி கூடினால் அது பொட்டுகளின் வழியே உடம்பின் நீரைத் தெருவுக்கு இழுக்கும். வயிற்றோட்டத்தின்போது சோடா போன்ற இனிப்புப் பானங்கள் கொடுக்கக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

வேலியைப் பிரிப்பவை

கிருமிகள் பல வழிகளில் சந்திகளைக் குலைக்கின்றன. சிறு பிள்ளைகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைத் தரும் றோட்டா வைரசு உண்டாக்கும் ஒரு புரதம் இறுக்கச் சந்தியைத் தளர்த்துகிறது. இரத்தமும் சளியுமாகப் போகும் வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமி வேறு தந்திரம் செய்கிறது. அதனால் தெருப்பக்கத்திலிருந்து சாதாரண கலங்களுக்குள் நேராக நுழைய முடியாது. வேலியில் காவலுக்கென்று விட்டிருக்கும் சில தனிக் கலங்கள் ஊடாக நுழைந்து, வளவுப் பக்கம் போய், பின்புறமாகத் தாக்குகிறது. அதைப் பிடிக்க ஓடிவரும் வெண்குருதிக் கலங்கள் சந்திகளைப் பிரித்துக்கொண்டு போக, அந்த வழியால் இன்னும் கிருமிகள் வருகின்றன.

இன்னொன்றைப் பெரிய கிடாரத்தில் சமைப்போர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். முகாம்களில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒன்றாய்ச் சமைத்தோம். கோயில் விருந்திலும், திருநாளிலும், அந்தியேட்டியிலும் இன்றும் அப்படிச் சமைக்கிறோம். இறைச்சிக் கறியை அடுப்பால் இறக்கி மூடிவைத்தால் பெரிய கிடாரம் ஆற வெகுநேரம் எடுக்கும். கொதியிலும் சாகாத விதைபோன்ற நிலையில் இருக்கும் ஒருவகைக் கிருமி அந்த இளஞ்சூட்டில் விரைவாகப் பெருகும். அதன் நச்சு வந்து ஒட்டும் இடம் கிளோடின்களே. அவற்றில் ஒன்றை ஆய்வாளர்கள் கிளோடின் என்று அறிவதற்கு முன்பே அந்த நச்சு ஒட்டும் இடமாகத்தான் அறிந்திருந்தார்கள். மத்தியானக் கறியை இரவு சூடாக்காமல் உண்டவர்கள் பலர் ஒன்றாக வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் காண்பதற்கு இது ஒரு காரணம்.

கிருமியல்லாத எதிரிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1984 இல் வெளியான ஓர் ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களின் குடல் கூடுதலாகக் கசிகிறது என்றும், குடியை நிறுத்தியபின்னும் அந்தக் கசிவு பல நாட்கள் நீடிக்கிறது என்றும் காட்டியது. கசிப்புக்கும் இது பொருந்தும். உடல் நோவுக்காக அஸ்பிரின், புறூபன் போன்ற குளிசைகளை வைத்தியர் சொல்லாமல் நாள்தோறும் போடுவதும் குடலின் வேலியைப் பழுதாக்கும். உச்சி வெயிலில் நீரருந்தாது கடும் வேலை செய்யும்போதும் குடலுக்கான இரத்த ஓட்டம் குறைந்து கசிவு கூடுகிறது.

நோய் தெரியாத நோய்

இதுவரை சொன்னவை வெளியே தெரியும் நோய்கள். வயிற்றோட்டம் இல்லாமலே வேலி பழுதாகும் நிலையும் உண்டு. முதலில் சொன்ன பிள்ளையின் சங்கதி இதுதான்.

தமிழ்நாட்டின் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகிய மருத்துவர்கள் கிராமத்து மக்களின் குடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். எந்த முறைப்பாடும் இல்லாமல் வயல் வேலை செய்துகொண்டிருந்தவர்களிலும் சடைமுளைகள் விரல்போல உயர்ந்திராமல், இலைபோலவும் வரம்புபோலவும் தட்டையாகியிருந்தன. சத்துக்களை உறிஞ்சும் திறனும் குறைந்திருந்தது.

இது இனத்தாலோ பிறப்பாலோ வருவதல்ல. 1960களில் பாகிஸ்தானில் வந்து தங்கிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலிலும் இதே மாற்றம் உண்டாயிற்று. தமது நாட்டுக்குத் திரும்பிய பின்னர் அவர்களின் குடல் காலப்போக்கில் சீரடைந்தது. மனிதரைச் சுற்றியுள்ள நீரும் நிலமும் அசுத்தமாக இருப்பதே காரணம் என்பது இதனால் தெரிகிறது. அந்நிலை மாறினால் குடலும் மாறும் என்பதும் தெரிகிறது.

வேலியின் கசிவை அளக்க ஒரு சுலபமான முறை இருக்கிறது. உடம்பு பாவிக்காத இருவகைச் சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். மனிற்றோல் என்பது சிறியது. ஆரோக்கியமான சடைமுளைகள் வழியே எளிதில் உள்ளே வரும். லக்ருலோசு என்பது பெரியது; சந்தி தளர்ந்திருந்தாலே அதிகம் உள்ளே வரும். சில மணித்தியாலம் சிறுநீரைச் சேர்த்து இரண்டையும் அளந்தால், உறிஞ்சும் பரப்பு குறைந்துள்ளதா, பொட்டு பெருத்துள்ளதா என்பது தெரியும். ஆபிரிக்காவின் காம்பியாவில் குழந்தைகளை இவ்வாறு தொடர்ந்து அளந்து 1991 இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளிடையே கண்ட வளர்ச்சிக் குறைவின் வேறுபாட்டில் 43 வீதம் வரை குடற் கசிவோடு தொடர்புடையதாக இருந்தது.

கசியும் குடல் பிள்ளையை மூன்று விதமாக வறுமைப்படுத்துகிறது. சடைமுளை தட்டையாவதால் வரவேண்டியது குறைவாக வருகிறது. பொட்டு பெருப்பதால் கிருமிகளின் துணுக்குகள் உள்ளே வருகின்றன; அவற்றோடு போராடுவதில் உண்ட சத்துச் செலவாகிறது. அந்தப் போராட்டத்தின்போது எழும் இரசாயனச் சைகைகள் பசியையும் வளர்ச்சியையும் அடக்குவதோடு, சுருக்குக் கயிற்றை இழுத்துச் சந்தியை மேலும் தளர்த்துகின்றன. கட்டாக்காலி மாடு ஒன்று நுழைந்த பொட்டு நாளைக்கு இரண்டு நுழையுமளவு பெருப்பது போலத்தான்.

மலசலகூடம் மட்டும் போதுமா?

பங்களாதேசம், கென்யா, சிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மலசலகூடமும், கை கழுவும் வசதியும், நீருக்கு குளோரினும் கொடுத்துப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்த்தார்கள். முடிவுகள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பங்களாதேசத்தில் வயிற்றோட்டம் குறைந்தது. ஆனால் மூன்று நாடுகளிலும் இவற்றால் மட்டும் பிள்ளைகள் உயரமாக வளரவில்லை. சத்துணவும் சேர்த்துக் கொடுத்த குடும்பங்களில் சிறிதளவு முன்னேற்றம் இருந்தது.

மலசலகூடத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒரு வீட்டார் சுத்தமாக இருந்தும் கிணறும் அயலும் சுத்தமில்லாவிட்டால், கோழி எச்சம் கிடக்கும் முற்றத்து மண்ணைத் தவழும் பிள்ளை வாயில் வைத்தால், கிருமி தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும். வயலில் ஒருவர் மட்டும் வரம்பு கட்டினால் வெள்ளம் நில்லாது. கிணறு, வாய்க்கால், மலசலகூடம் என்பவற்றை ஊராகச் சேர்ந்து சீராக்கும்போதே குடலுக்குள் உள்ள வேலியும் நிற்கும். மீள்குடியேற்றக் கிராமங்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் கேட்பது சலுகை கேட்பதல்ல. பிள்ளையின் வளர்ச்சி அதில் தங்கியிருக்கிறது.

குடும்பமாகச் செய்யக்கூடியவை

1. பிறந்த குழந்தையின் குடல் வேலி இன்னும் இறுகாதது. சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் அதை இறுகச் செய்யும் பொருட்கள் உள்ளன. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தண்ணீர், சீனித் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம்.

2. வயிற்றோட்டம் தொடங்கிய உடனே ஜீவனி கொடுக்கத் தொடங்குங்கள். பொதியில் எழுதியுள்ள அளவு நீரையே பாவிக்க வேண்டும். பொதி இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கலாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிவிழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து மயங்கினாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியானாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. நாகச்சத்து குறைந்தால் சந்திகள் பலவீனப்படும். வயிற்றோட்டம் கண்டால் 10 முதல் 14 நாட்களுக்கு நாகக் குளிசை கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 2004 இல் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 மில்லிகிராம். இதை வைத்தியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

4. வயிற்றோட்டத்தின்போது பட்டினி போடவேண்டாம். வேலியைப் புதிதாய் நடும் கலங்களுக்கும் உணவு வேண்டும். நோய் மாறியபின் இரண்டு கிழமைக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

5. திட உணவு தொடங்கிய பிள்ளைக்கு வயிற்றோட்டம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், வைத்திய ஆலோசனையோடு, அவித்து மசித்த வாழைக்காயைச் சோற்றுக் குழையலோடு சேர்க்கலாம். டாக்கா நகரில் இவ்வாறு கொடுத்த குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் விரைவில் குறைந்ததை 2001 இலும், குடற் கசிவும் குறைந்ததை 2004 இலும் ஆய்வுகள் காட்டின. வாழைக்காயின் செரியாத மாச்சத்தைப் பெருங்குடலின் நல்ல கிருமிகள் புளிக்கவைத்து, குடற் கலங்களுக்கு உணவாகும் பொருளை உண்டாக்குகின்றன. குரக்கன், பயறு, கீரை என்பவற்றின் நாரும் பெரியவர்களில் இந்த வேலையைச் செய்கிறது.

6. குடிநீரைக் கொதிக்க வைத்து, மூடி, அள்ளுவதற்கு வேறு அகப்பை வைத்துப் பாவியுங்கள். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். மாரி வெள்ளத்தில் கிணறு மூழ்கினால் இறைத்து, குளோரின் இடுவித்த பின்பே பாவியுங்கள். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள்.

7. கோழிகளைக் கூட்டில் அடையுங்கள். தவழும் பிள்ளைக்கு ஒரு பாய் விரித்துவிடுங்கள். மலங்கழித்த பின்னும் உணவைத் தொடுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். பிள்ளையின் கையையும் கழுவிவிடுங்கள்.

8. பொதுச் சமையலில் கறியைச் சுடச்சுடப் பரிமாறுங்கள். மிஞ்சியதை அகன்ற சிறு பாத்திரங்களில் ஊற்றி விரைவாக ஆறவிட்டு, உண்ணுமுன் மீண்டும் கொதிக்க வையுங்கள்.

குடலின் வேலி நாலைந்து நாளுக்கொருமுறை தன்னைத் தானே புதுப்பிக்கும் வேலி என்று முன்னர் சொன்னோம். பழுதான வேலிக்கு அதுவே பெரிய வாய்ப்பு. கிருமியின் வரவு குறைந்து, உணவும் கிடைத்தால், ஒவ்வொரு முறையும் சற்றுத் திருந்திய வேலி எழும். ஆனால் தட்டையான சடைமுளைகள் உயர மாதக்கணக்கு ஆகலாம். ஆகவே ஒரு மாத நிறையைப் பார்த்து மனமுடையாமல், மாதந்தோறும் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுங்கள். கோடு ஏறாதிருந்தால், வீட்டுச் சாப்பாட்டை விசாரிப்பதோடு நில்லாமல், கிணற்றையும் மலக்குழியையும் முற்றத்தையும் வந்து பார்க்கும்படி குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.